மாரிக்கு முந்திய வேலை: வாகரையில் காணி துப்புரவின் கதை

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில், மாங்கேணிப் பக்கமிருந்து வெருகல் ஆறுவரை, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் காடுமாக நீண்டு கிடக்கும் நிலப்பரப்பே வாகரைப் பிரதேசம். அரச ஆவணங்களில் அதன் பெயர் கோறளைப்பற்று வடக்கு. வாகரை என்றதும் புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு 2006 ஆம், 2007 ஆம் ஆண்டுகளின் செய்திகளே நினைவுக்கு வரும். அச்செய்திகளை எழுதியோரில் நானும் ஒருவன். ஆயினும் அவ்வூரைப் பற்றி எழுதிய ஒவ்வொரு தடவையும் பத்திரிகையில் இடம்பெறாமலே போன விடயம் ஒன்று உண்டு. மாரி மழைக்கு முன்னர் அம்மக்கள் தம் பயிர்நிலத்தைத் துப்புரவு செய்யும் வேலை அது. வாகரையின் கடந்த இருநூறு ஆண்டுக் கதையை அந்த ஒரு வேலையைப் பின்தொடர்ந்தே எழுதிவிடலாம் என்பது என் எண்ணம்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் பின்வளவில் கண்ணாடிக் கூடமோ பொலித்தீன் கூடாரமோ அமைத்து மிளகாயும் கத்தரியும் வளர்க்கும் எம்மவர்க்கு இவ்வேலை அந்நியமானதன்று. ஒக்டோபரில் உறைபனி விழுமுன் காய்த்து ஓய்ந்த செடிகளைப் பிடுங்குகிறார்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்குகிறார்கள். சாடிகளைக் கழுவிக் கவிழ்த்துக் கண்ணாடியைத் துடைக்கிறார்கள். முருங்கைச் சாடி வரவேற்பறைக்கு இடம்பெயர்கிறது. இதற்குக் காரணம் உண்டு. செடிப்பேனும் வெள்ளை ஈயும் செஞ்சிற்றுண்ணியும் பூஞ்சண வித்திகளும் அந்தக் குப்பைக்குள்ளேயே குளிரைக் கழித்து, வசந்தத்தின் முதல் தளிரில் ஏறிக்கொள்ளும். கண்ணாடியில் பாசி படிந்திருந்தால் குளிர்காலத்தின் மெலிந்த வெயிலும் உள்ளே புகாது. விக்ரோறியா காலத்துத் தோட்டக்காரர்கள் கண்ணாடிக் கூடங்களைப் பூட்டி உள்ளே கந்தகத்தையும் புகையிலையையும் புகைத்துப் பூச்சிகளைக் கொன்றார்கள். இலங்கையின் றப்பர்த் தோட்டங்களுக்கு மூலமும் அத்தகைய ஒரு கண்ணாடிக் கூடமே. இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்ட ஏறத்தாழ 1,900 கன்றுகள், சிறு கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு 1876 இல் கப்பலேறி இங்கு வந்தன.

வாகரையில் பனிக்காலம் இல்லை. குளிர்நாட்டிலே உறைபனி செய்யும் வேலையை இங்கு கச்சான் காற்றும் நெருப்பும் செய்தன. ஆனி தொடங்கி ஆவணிவரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் அந்த வறண்ட காற்று, மலைநாட்டிலே தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு அனலாகக் கிழக்குக் கரையை அடைகிறது. புல் கருகும்; களப்பு ஓரங்களில் உப்புப் பூக்கும். (நிலக்கடலைக்கும் கச்சான் என்றே ஈழத்தில் பெயர். வாகரையின் மணற்பாங்கான நிலத்தில் அந்தக் கச்சானும் நன்றாக விளையும். காற்றும் கடலையும் எவ்வாறு ஒரே பெயரைப் பெற்றன என்பதைச் சொற்பிறப்பு ஆய்வாளரிடம் விட்டுவிடுகிறேன்.)

இக்கரையோர ஊர்ப் பெயர்களை வரிசையாக வாசித்தாலே காணி துப்புரவின் வரலாறு புலப்படும். பால்சேனை, வாழைச்சேனை, தெற்கே அட்டாளைச்சேனை. காட்டை வெட்டி எரித்து, இரண்டொரு போகம் பயிரிட்டு, பின்னர் மீண்டும் காட்டுக்கே விட்டுவிடும் நிலமே சேனை. அட்டாளை என்பது காவற் பரண். கதிரவெளியின் வெளி, மரம் நீங்கிய திறந்த நிலம். பனிச்சங்கேணியிலே பனிச்சை மரமும் கேணியும் சேர்ந்திருக்கின்றன. பனிச்சங்காயின் கறையை மீனவர் வலைக்கு ஏற்றுவர். ஓர் ஊர்ப் பெயரிலேயே பயிர், நீர், மீன் ஆகிய மூன்றும் அடங்கிவிடுவது இக்கரையின் சிறப்பு. சேனை என்னும் சொல்லுக்குப் படை என்ற பொருளும் உண்டு. அதுவும் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தது. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

இனி வேலையின் முறை. ஆனி, ஆடியில் பற்றைகளையும் சிறு மரங்களையும் கத்தியாலும் கோடரியாலும் வெட்டிச் சாய்ப்பார்கள். பெரிய மரங்களைக் கிளை கழித்து நிற்கவிடுவதும் உண்டு. வெட்டியவை கச்சான் காற்றில் ஒரு மாதத்துக்கு மேல் காயும். ஆவணிக் கடைசியில் அல்லது புரட்டாதியில், காற்றின் போக்குப் பார்த்து, சுற்றிவர ஒரு பாதையைச் செத்தை இல்லாமல் வழித்துவிட்டு நெருப்பு வைப்பார்கள். எரியாது எஞ்சிய தடிகளைப் பொறுக்கிக் குவித்து இரண்டாம் முறை எரிப்பார்கள். அவற்றில் நேரானவை வேலிக்குப் போகும். அலம்பல் வேலி, பன்றிக்கும் மாட்டுக்கும் தடை. பின்னர் பரண். ஐப்பசியில் முதல் மழை சாம்பலை நனைத்ததும் குரக்கன், சோளம், இடையிடையே பயறு, பூசணி. மரவள்ளித் தடிகளையும் ஓரத்தில் ஊன்றிவிடுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கதிரவெளிப் பக்கம் செய்தி சேகரிக்கச் சென்றபோது, ஒரு பெரியவரிடம் ஏன் இவ்வளவு முன்கூட்டியே வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "இப்ப வெட்டினாத்தான் மனே நெருப்பு அடிமட்டும் இறங்கும். பச்சையில வெச்சா மேலால நக்கிப் போட்டுப் போயிரும். மறுகா புல்லோட சண்டை பிடிக்கேலாது" என்றார். அவர் சொன்னது முழுமையான விஞ்ஞானம். நன்கு காய்ந்த விறகின் தீ மேல்மண்ணைச் சூடாக்கி, களை விதைகளையும் பூச்சி முட்டைகளையும் கூட்டுப்புழுக்களையும் அழிக்கிறது. சாம்பல் பொட்டாசியத்தையும் சுண்ணாம்பையும் மண்ணுக்குக் கொடுக்கிறது. அரைகுறையாக எரிந்த நிலத்தில் இலுக்குப் புல் கிழங்கிலிருந்து மீண்டும் கிளம்பும். மாரி நடுப்பகுதியில், மழை விடாமல் பெய்யும் நாட்களில், ஒரு குடும்பம் எத்தனை கைகளால் களை பிடுங்க முடியும்? புரட்டாதியில் செய்யாத துப்புரவுக்கு மார்கழியில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. மாசி, பங்குனியில் அந்த விலை பசியாக மாறியது.

இவ்வேலையின் மிகப் பழைய உரிமையாளர் கரையோர வேடரே. செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில், கிழக்குக் கரையில் மீன்பிடித்தும் சேனை செய்தும் தமிழ் பேசியும் வாழ்ந்த இம்மக்களைத் தனியாக விபரித்துள்ளனர். வெளியார் இன்றும் வேடர் என்றால் வில்லும் அம்பும் என்றே நினைக்கின்றனர். கையில் இருந்தது பெரும்பாலும் கத்தியும் தூண்டிலும். வேடர் குலத்து வள்ளி பரண்மீதிருந்து தினைப்புனம் காத்தாள் என்னும் கதையை உலகின் எந்த மூலையிலுள்ள தமிழரும் அறிவர். அந்தப் புனமும் காடு எரித்து ஆக்கிய சேனையே என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வெருகல் ஆற்றுக்கு வடக்கே, நடந்து போகக்கூடிய தூரத்திலிருந்து தொடங்குவது பழைய கொட்டியாரப் பற்று. 1660 இல் அங்கேதான் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிச் சென்று 1681 இல் அவர் வெளியிட்ட நூலில், மூன்று மாதம் முதல் ஏழு மாதம்வரை வெவ்வேறு கால அளவில் விளையும் நெல் இனங்களையும் குரக்கனையும் பற்றி எழுதியிருக்கிறார். அவர் எழுதியது மலைநாட்டு வேளாண்மையை. ஆனால் தண்ணீரின் அளவு பார்த்து விதையைத் தெரிவு செய்யும் அந்த அறிவு இரு நிலங்களுக்கும் பொதுவானது.

சேனைக்கு வந்த முதல் ஆபத்து காட்டிலிருந்து வரவில்லை, காகிதத்தில் வந்தது. 1840 இல் பிரித்தானிய அரசு 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிரிடப்படாத நிலம் அனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என அது அனுமானித்துக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் பயிரிடப்படும் சேனை நிலத்தையும் அது விட்டுவைக்கவில்லை. 1897 இன் தரிசு நிலச் சட்டம் இப்பிடியை மேலும் இறுக்கியது. மலைநாட்டில் கோப்பித் தோட்டக்காரருக்கு நிலம் தேடிச் செய்த சட்டம், கிழக்குக் கரையின் மீனவ உழவனையும் பிடித்துக்கொண்டது. பத்து ஆண்டு காடாக விடப்பட்ட நிலம் என்றால் அது அவனுடைய சுழற்சியின் ஒரு பகுதி. சட்டத்தின் கண்ணுக்கு அது உரிமையாளன் இல்லாத காடு. அதற்குப் பின்னர் ஆனி மாதத்தில் கத்தியைத் தூக்குமுன் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. சீட்டுக்கு விதானையார் சிபாரிசு. சிபாரிசுக்கு ஏதேனும் ஒரு கைம்மாறு. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ப், 1913 இல் வெளியிட்ட தமது நாவலில், சேனை அனுமதியைக் கையில் வைத்திருக்கும் தலைமைக்காரன் ஒரு குடும்பத்தை எவ்வாறு அழிக்கலாம் என்பதைக் காட்டினார். அவர் எழுதியது சிங்களக் கிராமத்தை. வாகரையில் மொழி மட்டுமே வேறு.

ஆங்கில அதிகாரிகள் சேனையைச் சோம்பேறியின் பயிர்ச்செய்கை என்று அறிக்கை எழுதினார்கள். கொதிக்கும் ஆடி வெயிலில் பற்றை வெட்டாதவர்களே இவ்வாறு எழுத முடியும். அதே வேளையில் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓய்வு பெற்ற நிலத்துக்கே சேனை பொருந்தும். குடிசனம் பெருகி, ஓய்வு நான்கு ஐந்து ஆண்டாகக் குறுகியதும், எரிப்பதற்கு விறகு போதவில்லை; தீ மேலால் நக்கிவிட்டுப் போயிற்று; புல் வென்றது. காட்டுக்கும் கேடு, பயிருக்கும் கேடு. சேனையைக் காடழிப்பு என்று ஒட்டுமொத்தமாகப் பழிப்போரும், எம் முன்னோரின் பொற்காலம் என்று புகழ்வோரும் இந்த ஓய்வுக் கணக்கைப் பார்ப்பதில்லை.

வயலுக்கு அரசு வேறு விதமாக நடந்துகொண்டது. வயல் வரி தந்தது. 1856 இன் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், பழைய வழமைகளை மீட்டு அவற்றுக்குச் சட்ட வலுக் கொடுத்தது. வாய்க்கால் வெட்டித் துப்புரவு செய்தல், வேலி அடைத்தல் முதலிய கூட்டு வேலைகளைக் குறித்த காலத்தில் செய்யத் தவறியவருக்குத் தண்டம் விதிக்க வழி பிறந்தது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில் தெற்கே இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. வட்டைவிதானைமாரின் அதிகாரம் அந்த வழியில் வளர்ந்தது. மட்டக்களப்பிலே வேளாண்மை என்றால் நெல் மட்டுமே; மற்றவை தோட்டம் அல்லது சேனை. மொழியிலேயே அந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது. இன்றும் ஒவ்வொரு ஆண்டும் மாரிக்கு முன்னர் பெரும்போக ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. விதைப்பு நாள், வாய்க்கால் துப்புரவு நாள் என்பவற்றோடு, வயற்கண்டங்களிலிருந்து மாடுகளை வெளியேற்ற வேண்டிய கடைசி நாளும் அங்கே குறிக்கப்படும். கூட்டத்தில் குரல் உயர்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது விடயத்தில்தான். மாட்டை ஓட்டச் சொல்லலாம். எங்கே ஓட்டுவது என்பதற்கு மேய்ச்சல் தரை வேண்டும். மயிலத்தமடு, மாதவணையில் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டம் இந்தக் கேள்வியின் நீட்சியே.

குரக்கன் சேனையின் இடத்தை மிளகாயும் வெங்காயமும் கச்சானும் பிடித்த பின்னரும் நெருப்பு முற்றாக விடைபெறவில்லை. அது சுருங்கி நாற்றுமேடைக்கு வந்தது. மேடையில் வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி, காற்றுக்கு எதிர்த் திசையில் தீ வைத்து மெதுவாகக் கனன்று எரியவிடுவார்கள். மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளும் களை விதைகளும் வெந்துபோகும். அதன் பின்னரே விதை. விவசாயத் திணைக்களம் இதனையே தொற்றுநீக்கல் என்று சிபாரிசு செய்கிறது. நெருப்புக்குப் பதிலாக, ஈரமாக்கிய மேடையைப் பொலித்தீனால் இறுக மூடி வெயிலில் வேகவிடும் முறையும் உண்டு. பத்துக்குப் பத்தடி மேடையில் நடக்கும் இவ்வேலையும், கந்தகம் புகைத்த கண்ணாடிக் கூடத்தின் வேலையும், ஆடியில் வெட்டிய சேனையின் வேலையும் ஒன்றே.

இயற்கை தன் பங்குக்கு இரண்டு முறை கணக்கைக் குழப்பியது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி, விதைப்பு முடிந்து பயிர் முழங்காலளவு நின்ற வேளையில் வந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னைகளில் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்தது. தென்னை போனால் கிடுகு போயிற்று. கிடுகு போனால் கூரையும் நாற்றுப் பந்தலும் போயின. அடுத்த ஆண்டின் துப்புரவு என்பது விழுந்த தென்னங் குற்றிகளை அகற்றுவதாகவே முடிந்தது. அழுகும் குற்றிகளைக் கிடக்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதற்குள் பெருகி, தப்பி நின்ற மரங்களின் குருத்தைத் துளைக்கும். அந்த இடத்தில் துப்புரவு அழகுக்காகச் செய்யப்பட்டதன்று.

இரண்டாவது, 2004 டிசம்பர் 26. இங்குதான் துப்புரவு பற்றி எனக்கிருந்த எளிய எண்ணம் கலைந்தது. கடல் வாகரைக் கரையின் கிணறுகளுக்குள் உப்பையும் சேற்றையும் நிறைத்துவிட்டுப் போயிற்று. உதவிக்கு வந்தவர்கள் செய்த முதல் வேலை, இயந்திரம் வைத்துக் கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்தல். ஒரு தடவை இறைத்தார்கள், உப்பு. மீண்டும் இறைத்தார்கள், மீண்டும் உப்பு. சில கிணறுகளில் இறைக்க இறைக்க உப்பு ஏறியது. காரணம் மணலுக்கு அடியில் இருந்தது. கடலோர மணற்றிடலில் மழைநீர் ஒரு மெல்லிய படையாகக் கடல்நீரின்மீது மிதந்து கிடக்கிறது. உப்புநீர் சற்றுப் பாரமானது என்பதால் நன்னீர் மேலே தங்குகிறது. நிலத்தடி நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தப் பொறியியலாளர் ஒருவரும், அவருக்குச் சற்றுப் பின்னர் ஜேர்மனியர் ஒருவரும் கண்ட விதி. இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால் அடியிலிருந்து உப்புநீர் கிளம்பி மேலே வருகிறது. நல்ல மனத்தோடு செய்த துப்புரவு, இருந்த கொஞ்ச நன்னீரையும் வெளியே கொட்டியது. கிழக்குக் கரையில் பின்னர் நடந்த ஆய்வுகள், கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைக்கக்கூடாது என்றும், உப்பைக் கழுவியது முக்கியமாக மழையே என்றும் கூறின. அங்குள்ள ஒரு மூதாட்டி ஆய்வு எதுவும் வாசியாமலே, "ஒரு மாரி பெய்யட்டும் தம்பி, கிணறு தானாக் கழுவிக்கொள்ளும்" என்று அப்பொழுதே சொன்னார். அவரை அன்று எவரும் செவிமடுக்கவில்லை. இயந்திரத்தின் இரைச்சல் பெரிதாக இருந்தது.

மாரி பெய்தது. 2005 இல் பயிர் வைத்தார்கள். அதன் பின்னர்தான் மற்றச் சேனை வந்தது.

2006 யூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டதிலிருந்து தொடங்கிய போரை இங்கு விரிவாகச் சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல விரும்புவது நாட்காட்டியை மட்டும். ஆவணி மாதம், வெட்டிய பற்றைக்கு நெருப்பு வைக்க வேண்டிய காலம். அந்த மாதத்தில் மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் பல்லாயிரம் மக்கள் ஷெல் வீச்சுக்குத் தப்பி வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்குள் வந்தனர். பாடசாலைகளும் தோட்டங்களும் தங்குமிடங்களாயின. புரட்டாதியில் வாய்க்கால் வெட்ட எவரும் போகவில்லை. ஐப்பசியில் மழை பெய்தது. விதைக்கப்பட்ட நிலம் குறைவு. நவம்பர் 8 ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தங்கியிருந்த அகதிகள்மீது இராணுவத்தின் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விடுதலைப் புலிகளின் பீரங்கி நிலைகளையே தாக்கியதாக இராணுவம் கூறியது. புலிகள் மக்களை வெளியேற விடவில்லை என்னும் குற்றச்சாட்டும் இருந்தது. உணவு லொறிகள் அரிதாகவே வந்தன. மார்கழியில், வழமையாகக் களை பிடுங்கும் நாட்களில், மக்கள் காட்டுவழியே இடுப்பளவு வெள்ளத்திலும், கடல்வழியே சிறு வள்ளங்களிலும் வாழைச்சேனைப் பக்கம் வெளியேறினர். 2007 சனவரி 19 ஆம் திகதி வாகரை இராணுவத்திடம் வீழ்ந்தது. அன்று ஊரில் ஊரவர் மிகச் சிலரே இருந்தனர்.

செய்தி அறிக்கைகள் இறந்தோரை எண்ணின, இடம்பெயர்ந்தோரை எண்ணின. எண்ணப்படாத ஒன்று விதை. அடுத்த ஆண்டுக்கான சோளக் கதிரைப் பின்னி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவது சேனைக்காரர் வழக்கம். நாளாந்தப் புகையில் வண்டு அண்டாது. கூரையும் அடுப்பும் போன வீட்டில் அக்கதிர் என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2007 மார்ச்சில் தொடங்கி மக்கள் மீளக் குடியேற்றப்பட்டபோது உதவி நிறுவனங்கள் விதைப் பைகளைக் கொடுத்தன. பயிர் முளைத்தது. ஆனால் அந்த மணலுக்கும் அந்த மழைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த விதை அன்று.

மீண்டவர்கள் அவ்வாண்டு ஆனியில் கத்தி எடுக்கத் தயங்கினர். பற்றைக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது. எரிப்பது இன்னும் ஆபத்து; வெடிக்காத எறிகணை தீயின் சூட்டில் வெடிக்கக்கூடும். தலைமுறைகளாக நிலத்தைப் பாதுகாப்பாக்கிய நெருப்பு, உயிர் குடிக்கும் பொருளாக மாறியது. கண்ணிவெடி அகற்றுவோர் வேலை செய்வதைப் பின்னர் தள்ளி நின்று பார்த்தேன். அவர்கள் ஒரு மீற்றர் அளவு அகலமான பாதையில், முதலில் புல்லையும் செடியையும் சிறு கத்தரியால் நறுக்கி அகற்றுகிறார்கள், கருவியால் தடவுகிறார்கள், ஒலி எழுந்த இடத்தில் முழந்தாளிட்டு மண்ணை விறாண்டுகிறார்கள், பிறகு அடையாளத் தடியை நகர்த்துகிறார்கள். சேனைக்காரன் ஒரு நாளில் வெட்டும் பற்றைக்கு அவர்களுக்குப் பல வாரங்கள். அவ்வேலையில் கிராமத்துப் பெண்களும் சேர்ந்தனர். 2017 யூனில்தான் மட்டக்களப்பு கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையிலேயே அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் மாவட்டம் அது.

அடுத்த ஆண்டே வேறொரு படை. 2018 இன் பெரும்போகத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆபிரிக்கா, இந்தியா வழியாகப் படைப்புழு இலங்கைக்குள் புகுந்து சோளத்தைத் தின்றது. இங்கு அதற்கு வழங்கிய பெயர் சேனா படைப்புழு. அது மண்ணுக்குள்ளே கூட்டுப்புழுவாகிறது. ஆகவே விதைப்புக்கு முன் ஆழ உழுது வெயிலில் காயவிடுமாறு அதிகாரிகள் அறிவுறுத்தினர். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் களைநாசினியும் இறக்குமதி செய்வதற்கு ஒரே நாளில் தடை வந்தது. நவம்பரில் தளர்த்தப்படுவதற்குள் மாரி விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. இரு தலைமுறையாகத் தெளிகருவியை நம்பிய இளைஞர்கள், புல்லைக் கையால் எப்படி வெல்வது என்று வயதானவர்களிடம் கேட்டதை அவ்வாண்டு பலரும் எனக்குச் சொன்னார்கள். வயதானவர்களில் பலர் அதற்குள் இறந்திருந்தனர்.

இப்பொழுது வாகரையில் பேசப்படுவது வேறு வழக்கு. போரினால் விட்டுச்சென்ற தோட்டங்களிலும் சேனைகளிலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காடு வளர்ந்துவிட்டது. யானையும் வந்துவிட்டது. 2001 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சுற்றறிக்கை, ஒதுக்கப்படாத ஏனைய அரச காடுகளையும் வன பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருந்தது. அது 2020 இல் நீக்கப்பட்டு, அதிகாரம் மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் திரும்பியது. எனினும் வடக்கு கிழக்கின் பல இடங்களிலும் எல்லைக் கற்கள் நாட்டப்பட்டபடியே இருக்கின்றன. காடு என்று ஒரு தரப்பும், எங்கள் காணி என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. 1935 இன் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தவர்களின் காகிதம் பெரும்பாலும் கடலோடு போயிற்று, அல்லது ஓட்டத்தில் தொலைந்தது. பத்திரமே இல்லாத சேனைக்காரர் நிலை இன்னும் மோசம். துப்புரவு செய்தால் காடழித்த குற்றம். செய்யாவிட்டால் காணி காடென்பதற்கு அதுவே சாட்சி.

விசாரணைக்கு வரும் உத்தியோகத்தரை அவர்கள் பற்றைக்குள் அழைத்துச் செல்கிறார்கள். கையால் விலக்கிக்கொண்டு போய், தூர்ந்த கிணற்றின் கட்டையும், வரிசையாக நிற்கும் மூன்று மாமரங்களையும், மண்ணுக்குள் புதைந்த உரலையும் காட்டுகிறார்கள். உத்தியோகத்தர் அவற்றைக் குறித்துக்கொண்டு போகிறார்.